முதல் டிரிப்பில் ஒரு மாஸ்க் சண்டை

பையும் விசிலும் வாங்கிக்கொண்டு முதல் டூட்டிக்காகக் காத்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. டெப்போவில் என்னைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். டிக்கெட் மெஷினைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அது வந்த புதிதில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி டிரைவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் இருக்கிறார்கள். அதில் இருபத்தைந்து பேர் ஒன்று சொல்கிறார்கள், மீதி இருபத்தைந்து பேர் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். என்ன செய்வீர்கள்? முப்பது வருடம் சர்வீஸ் போட்டும் எனக்கு இது தெரியவில்லை. ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கொரோனா வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் இரண்டு தடவை தப்புப் பண்ணியாயிற்று.

ஊரடங்கு முடிந்து பஸ்கள் ஓடத் தொடங்கியபோது எனக்கு ஒரு எஸ்டேட் ரூட் கொடுத்தார்கள். ராத்திரி எஸ்டேட்டிலேயே பஸ் நிற்கும். காலை ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பி குன்னூர் வர வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் பதினொரு மணிக்குத்தான். அதனால் முதல் டிரிப்பில் தினமும் ஒரே முகங்கள். குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடைகளில் நிற்கும் பெண்கள், மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிறவர்கள். மாஸ்க் இல்லாதவரை ஏற்றக்கூடாது என்று உத்தரவு. துணியால் மூக்கையும் வாயையும் மூடினாலும் போதும் என்றிருந்தார்கள். எனக்கே அது பெரிய தொல்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கழற்றி மாட்டிக் காது வலித்தது. என் மனைவி ஒரு துணி மாஸ்க் தைத்து, நடுவில் விசில் நுழையும் அளவுக்குப் பட்டன் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு போன முதல் நாள் பஸ்ஸே சிரித்தது.

சிரித்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கமலம் அக்கா. குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. பெட்ஷீட் மாற்றுவது, நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவது. ஐம்பது வயதிருக்கும். என் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, “சன்னல் வெச்ச மாஸ்க்குங்களா? அந்தச் சன்னலுக்கு ஒரு கதவும் வெச்சிருங்க” என்றார். கதவில்லாத சன்னலால் பிரயோசனம் இல்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

இன்னொருவர் செல்வராஜ். எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து கேரட்டும் பீன்ஸும் போட்டிருந்தார். தினமும் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து குன்னூர் மார்க்கெட் ஓரத்தில் விற்பார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மார்க்கெட்டில் அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பார்கள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டே வருவார். அவருக்குப் பிடிக்காத ஒரே பொருள் மாஸ்க்.

“ஏனுங்க கண்டக்டரு, வாயில துணியக் கட்டுனா குரல் எங்கீங்க வெளிய வரும்? நான் கூவிக் கூவித்தான விக்கோணும்?”

“இது பஸ்ஸுங்க செல்வராஜ், மார்க்கெட் இல்ல. இங்க யாருக்கு விக்கப் போறீங்க?”

“இங்கிருந்தே தொண்டையைப் பழக்கிட்டுப் போறேனுங்க.”

நான் ஒரு மாஸ்க் கொடுத்தால் வாங்கித் தாடையில் மாட்டிக்கொள்வார். கமலம் அக்காவுக்கு அதைப் பார்த்தால் ஆகாது. “செல்வராஜு, கொரோனா உங்க தாடை வழியா வராது” என்பார். பதிலுக்கு அவர், “மலைக்காத்துல இதெல்லாம் நிக்காதுங்கக்கா” என்பார். முன்னால் இருப்பவர்கள் அக்கா பக்கம், பின்னால் இருப்பவர்கள் இவர் பக்கம். முதல் இரண்டு வாரம் இது வேடிக்கையாகத்தான் போயிற்று.

பிறகு ஒருநாள் செக்கிங் வந்தது. மாஸ்க் இல்லாதவரை ஏன் ஏற்றினாய் என்று எனக்கு மெமோ. சர்வீஸில் நான் வாங்கிய மெமோக்கள் குறைவு. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் டூட்டிக்குப் போனேன். அன்றைக்குச் செல்வராஜ் தாடையில்கூட எதையும் மாட்டவில்லை.

கமலம் அக்கா எழுந்து நின்றுவிட்டார். “ஒண்ணு அவரு இறங்கோணும். இல்லீன்னா நான் இறங்கிக்கறேன்.”

முன்பக்கம் முழுக்க ஒரே குரல், “இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க.”

நான் ஒரு விசில் கொடுத்தேன். டிரைவர் துரைசாமி அண்ணன் வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினார். செல்வராஜ் என்னைப் பார்த்தார். இரண்டு மூட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கடைசிப் படியிலிருந்து காலை எடுத்ததும் முன் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். நான் இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது.

குன்னூரில் டீ குடிக்கும்போது துரைசாமி அண்ணன் சொன்னார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். “இறக்குனது சரிதானுங்க. ரூல்ஸ் இருக்குது. கை தட்டறப்ப நீங்க சும்மா நின்னீங்க பாருங்க, அதுதான்...” மீதியைச் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது என் முதல் தப்பு. பலன் மறுநாளே தெரிந்தது. செல்வராஜோடு சேர்த்து ஏழு பேர் மாஸ்க் இல்லாமல் ஸ்டாப்பில் நின்றார்கள். அதில் மூன்று பேர் அதற்கு முந்தின நாள்வரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஏன் என்று கேட்டால், “கை தட்டுனீங்கல்ல?” என்றார்கள். கொரோனாவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஒரு மனிதனை ஊர் பார்க்கச் சிறுமைப்படுத்திவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அவர் காதில் ஏறாது. அவரோடு நிற்கிறவர்களின் காதிலும் ஏறாது.

இரண்டாவது தப்பு, நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. ஏழு பேரையும் ஏற்றாமல் போனால் பதினொரு மணிவரை அவர்களுக்குப் பஸ் இல்லை, ஏற்றினால் மெமோ. ஆகவே மாஸ்க் போட்டவர்கள் முன்னால், போடாதவர்கள் பின்னால் என்று பிரித்தேன். நடுவில் இரண்டு வரிசை காலி. உத்தரவில் அப்படி எதுவும் இல்லை, நானே போட்ட சட்டம். மூன்றே நாளில் அது இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு வீட்டில் புருஷன் முன்னால், மனைவி பின்னால். வெலிங்டனில் வேலை பார்த்த ஒருவர் மாஸ்க்கோடு ஏறிவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். இறங்கும் நேரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு முன் வாசலில் இறங்குவார். பிரிக்காமல் இருந்தபோது வேடிக்கையாகப் பேசிக்கொண்டவர்கள், பிரித்த பிறகு நிஜமாகவே வெறுத்துப் பேசத் தொடங்கினார்கள்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலை, எஸ்டேட்டின் டீ பேக்டரியைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கியிருப்போம். ரோட்டின் குறுக்கே மண் சரிந்து கிடந்தது. தாண்ட முடியாது. திருப்பவும் இடம் இல்லை. இரண்டு வளைவையும் ரிவர்ஸிலேயே ஏறி பேக்டரி முற்றத்துக்குப் போக வேண்டும். பயணிகளை இறக்கிவிட்டுச் செய்திருக்கலாம். ஆனால் மேலே இருந்து சிறு கற்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. அந்த இடத்தில் யாரையும் நிற்க வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் இறங்கிப் பின்னால் போனேன். ஒருபக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பனிமூட்டத்தில் கண்ணாடியில் டிரைவருக்கு நான் தெரிய மாட்டேன். என் விசில் ஒன்றுதான் அவருக்குக் கண். பஸ் மெல்லப் பின்னால் வந்தது. முதல் வளைவில் பின்சக்கரம் ரோட்டோரம் ஊறிய மண் பக்கம் போக ஆரம்பித்தது. ஒரு விசில் கொடுத்தேன். பஸ் நிற்கவில்லை. மறுபடி ஊதினேன். நிற்கவில்லை. அப்போதுதான் கேட்டது. மழைக்காகச் சன்னல் பலகைகளை எல்லாம் இறக்கிவிட்டு, உள்ளே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்சரிவால் எல்லோருக்கும் லேட், அந்த எரிச்சலில் யாரோ மாஸ்க் பேச்சை எடுத்திருக்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் கத்தின. அதில் என் விசில் அமுங்கிப் போயிற்று.

பஸ்ஸின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். இன்னும் ஓர் அடி வந்தால் சக்கரம் மண்ணில் இறங்கிவிடும். பின் கண்ணாடி வழியாக ஒரு முகம் என்னைப் பார்த்தது. செல்வராஜ். அவர் திரும்பி ஒரே ஒரு வார்த்தைதான் கத்தினார்.

“நிறுத்து!”

பஸ் நின்றது. சண்டையும் நின்றது. சக்கரத்துக்கும் ஊறிய மண்ணுக்கும் நடுவே என் செருப்பு அகலம்தான் இருந்தது.

கோபம் தலைக்கு ஏறியிருந்தது. இரண்டு கட்சியையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்றுதான் ஏறினேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் சொல்ல வேண்டியது ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது. அந்த நேரத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொன்னால் சண்டை திரும்ப ஆரம்பித்துவிடும். பஸ் மேலே போக வேண்டும், அவ்வளவுதான்.

“பேக்டரி போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் பேசாதீங்க. எனக்கு அது போதும்” என்றேன். பிறகு, “செல்வராஜ், நான் வெளிய இருந்து கை காட்டறதை நீங்க டிரைவருக்குச் சொல்லோணும். விசிலுக்கு லெப்ட் ரைட் தெரியாது” என்றேன்.

“சரிங்க” என்றார். பின் சீட்டுப் பக்கத்துப் பலகையை மேலே ஏற்றித் தலையை வெளியே நீட்டினார். சாரல் ஊசி மாதிரி முகத்தில் அடித்தது. உடனே கழுத்தில் கிடந்த மப்ளரை எடுத்துக் காது, மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கண் மட்டும்தான் தெரிந்தது. நான் கை காட்டக் காட்ட அவர் குரல் கொடுத்தார்.

“லெப்ட்டுல ஒடிங்கண்ணா! இன்னும்! இன்னும்! போதும்! நேரா வாங்க!”

இரண்டு வளைவு. துரைசாமி அண்ணன் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேக்டரி முற்றத்தில் பஸ் நின்றதும் துரைசாமி அண்ணன் இஞ்சினை நிறுத்திவிட்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து, “செல்வராஜு, ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி கேட்டுதுங்க” என்றார்.

அப்போது கமலம் அக்கா எழுந்தார். செல்வராஜின் மூக்குவரை கட்டியிருந்த மப்ளரைப் பார்த்தார். “ஏனுங்க, வாயில துணி கட்டுனா குரலே வராதுன்னு யாரோ சொன்னாங்களே?”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. செல்வராஜ் மப்ளரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பஸ் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. முன்னாலும் சிரித்தார்கள், பின்னாலும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது செல்வராஜ்தான், அதுவும் மப்ளருக்குள்ளிருந்தே. முன்பக்கம் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். நின்றுவிட்டது. அவர் தோற்றுவிட்டார் என்று யாரும் தட்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

மண்ணை அள்ள வண்டி வரும்வரை பேக்டரியில் எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். டம்ளர் கைக்கு வந்ததும் அத்தனை பேரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள். கமலம் அக்கா மட்டும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஷெட்டின் கடைசிக்குப் போய்த் தனியாக நின்று குடித்தார். செல்வராஜ் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரத்தில் போய் நின்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“எதுக்குங்கக்கா தனியா?”

“நான் வார்டுல இருந்து வர்றவ. என்கிட்ட இருந்து யாருக்கும் வந்துரக் கூடாதுல்ல?” ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். “அங்க படுத்திருக்கறவங்க முதல்ல இழக்கறது பேச்சைத்தான் செல்வராஜு. மூச்சு வாங்கறதுக்கே சரியா இருக்கும். தண்ணி வேணும்னாக்கூட சைகைதான். உங்க சத்தம் கேக்கறப்ப எல்லாம் எனக்கு அதுதான் நெனப்பு வருது. இந்தக் குரல் இப்படியே இருக்கோணும்னுதான் கத்தறேன்.”

இத்தனை வாரம் சண்டை போட்டார்களே, இதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல நாங்கள் இடம் கொடுக்கவில்லை. எஸ்டேட்டிலிருந்து குன்னூர்வரை கத்துவதற்குத்தான் நேரம் இருந்தது.

மறுநாள் செல்வராஜ் மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறினார். “பஸ்ஸுக்கு மட்டும்தானுங்க. மார்க்கெட்டுல கால் வெச்சா கழட்டிருவேன்” என்று நிபந்தனை போட்டார். நான் ஒத்துக்கொண்டேன். காலியாக விட்டிருந்த இரண்டு வரிசையிலும் ஆட்களை உட்காரச் சொன்னேன். மீதி ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். இரண்டு பேர் கடைசிவரை முரண்டு பிடித்தார்கள். அவர்களுக்கு மப்ளர் கட்டிவிடும் வேலையைச் செல்வராஜே எடுத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்வதற்கு அவ்வளவாக ஒன்றும் இருந்திருக்காது.

சில வாரம் கழித்துக் கமலம் அக்காவுக்கே கொரோனா வந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் மூன்று வாரம் அவர் சீட் காலியாக இருந்தது. செல்வராஜ் தினமும் ஏறும்போது, “அக்காவைப் பத்தி ஏதாச்சும் தெரியுமுங்களா?” என்று கேட்பார். பிறகு ஒரு காலை, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும் ஸ்டாப்பில் கமலம் அக்கா நின்றார். இளைத்திருந்தார். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் பழைய கண். குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவர் ஏறியதும் முன்பக்கத்தில் ஒரு சலசலப்பு. அவர் பக்கத்து சீட்டில் இருந்த பெண் எழுந்து பின்னால் போனார். அதற்கு முன் சீட்டும் காலியானது. யார் என்று நினைக்கிறீர்கள்? அன்றைக்குக் கை தட்டினார்களே, அதே ஆட்கள். அதில் ஒருவர் என்னிடம் வந்து காதோடு காதாக, “கண்டக்டர், அந்தம்மாவுக்கு வந்து போயிருக்குது. வார்டு வேலை வேற. இறக்கி விட்ருங்க, அடுத்த பஸ்ஸுல வரட்டும்” என்றார். பின்னால் இரண்டு மூன்று பேர், “ஆமாங்க, இறக்கிருங்க” என்றார்கள்.

கமலம் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். விசில் என் வாயில் இருந்தது. ஐம்பது பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

நான் விசிலை எடுத்துவிட்டுப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். “அக்கா உட்காருங்க. மாஸ்க் இல்லாதவங்களை ஏத்தக் கூடாதுன்னுதான் ரூல்ஸ். அக்கா போட்டிருக்காங்க, டாக்டர் சீட்டும் வெச்சிருக்காங்க. யாருக்காவது பயமா இருந்தா சொல்லுங்க, அவங்க இறங்கற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வெக்கறேன்.”

யாரும் இறங்கவில்லை. அவர் பக்கத்தில் உட்காரவும் யாரும் வரவில்லை. ரூல்ஸை வைத்து ஒருவரைப் பஸ்ஸில் இருக்க வைக்கலாம், பக்கத்தில் ஆளை உட்கார வைக்க முடியாது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

பின் சீட்டிலிருந்து செல்வராஜ் எழுந்தார். மூட்டையைத் தாண்டி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து கமலம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். “மூணு வாரமா என்னைத் திட்டறதுக்கு இந்த பஸ்ஸுல ஒரு ஆள் இல்லீங்கக்கா. கேரட்டுகூட ஒழுங்கா விக்க மாட்டேங்குது” என்றார்.

கமலம் அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. திரும்பி அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பார்வை முகத்தில் வந்து நின்றது.

“மூக்கை உள்ள போடுங்க செல்வராஜு!”

பஸ் சிரித்தது. எழுந்து போன பெண் தலையைக் குனிந்துகொண்டே திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். துரைசாமி அண்ணன் கிளம்பலாமா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் விசிலை வாயில் வைத்தேன், காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றேன், அப்போதும் வெறும் காற்றுதான். சிரிக்கிற வாயால் விசில் ஊத முடியாது, நீங்களும் ஒருநாள் தெரிந்துகொள்வீர்கள். கடைசியில் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். பஸ் கிளம்பியது.